லாக்கரில் கறுத்துப்போன வெள்ளியை வீட்டில் இருக்கிற பொருளை வைத்தே பளிச்சென்று ஆக்க முடியுமா?

தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, லாக்கரைத் திறந்தால் கொலுசும் குங்குமச் சிமிழும் கறுப்பாகக் கிடக்கின்றன, ஒரு தங்கச் சங்கிலியும் முத்து மாலையும் மங்கியிருக்கின்றன, பேஸ்ட், எலுமிச்சை, புளி இதில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றும் வேண்டாம். சமையல் சோடா இருக்கிறதா பாருங்கள்.

நான் காரைக்குடிக்காரி. எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் வெள்ளிச் சாமான் துலக்குவதே தனி வேலை. வீட்டின் ரெண்டாம் கட்டில், அதாவது உள்பகுதியில், பழைய வேட்டியை விரித்து, திருநீற்றுத் தட்டோடு அப்பத்தா உட்கார்ந்துவிடுவார்கள். ஈரத் துணியில் திருநீற்றைத் தொட்டு நிதானமாகத் தேய்ப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பல்பொடி, பிறகு பேஸ்ட் என்று நாலைந்து விசேஷத்துக்கு அரக்கப் பரக்கத் தேய்த்தேன். அப்பத்தாவின் சிமிழ் மூடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய வீட்டு இனிஷியல் உண்டு. முதலில் புள்ளிகளுக்குள் பேஸ்ட் காய்ந்து வெள்ளையாக அடைத்துக்கொண்டது, ஊசியால் குத்தி எடுத்தேன். அப்புறம் எழுத்தே மழுங்கிவிட்டது. இப்போது விரலால் தடவினால்தான் இருப்பது தெரியும். “தேய்க்கத் தேய்க்கத் தேஞ்சுதான போகும், வளரவா செய்யும்?” என்றார்கள் அப்பத்தா. அதோடு சரி, வேறெதுவும் சொல்லவில்லை.

அவர்கள் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. காற்றில் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆவதுதான் அந்தக் கறுப்பு. ஆக, கறுப்புக்குள்ளும் உங்கள் வெள்ளி இருக்கிறது. தேய்த்தால் அதுவும் துணியோடு போய்விடும். புளி பித்தளைக்கும் செம்புக்கும்தான் சரி. அவற்றின் மேல் படிகிற ஆக்சைடைப் புளியின் அமிலம் கரைத்துவிடும். வெள்ளியின் கறுப்பு அதற்கெல்லாம் அசையாது. (புளித்தண்ணீரை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்துத் துலக்காதீர்கள். அது சிமெண்டுக் கல், அமிலம் பட்டால் பூவெல்லாம் வெளிறிவிடும். எங்கள் பட்டாசாலையில், அதாவது கூடத்தில், தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டம் இன்னும் இருக்கிறது.)

இப்போது சோடா வைத்தியம். ஒரு கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரியுங்கள். ஹோட்டலில் சப்பாத்தி சுற்றித் தருகிறார்களே, ‘சில்வர் பேப்பர்’ என்போம், அதுதான். பெயரில் மட்டும்தான் சில்வர். கொலுசை அதன்மேல் படும்படி வையுங்கள், படாவிட்டால் வேலை நடக்காது. ஒரு லிட்டர் கொதிக்கக் கொதிக்க உள்ள தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பச் சோடாவும் ஒரு கரண்டி உப்பும் கலந்து ஊற்றுங்கள். பேக்கிங் பவுடர் வேறு, மாற்றிவிடாதீர்கள். லேசாக அழுகிய முட்டை வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தாள் மங்கிப் பழுப்பாகும், கொலுசு வெளுக்கும். கறுப்பு ரொம்ப இருந்தால் புதுத் தாள், புதுத் தண்ணீரோடு இன்னொரு தடவை.

கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்கிறது, வெள்ளி திரும்ப வெள்ளியாகவே கொலுசில் நிற்கிறது. சின்ன பேட்டரி மாதிரிதான், மின்வேதியியல். காரைக்குடிக்காரி இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமை வரத்தான் செய்யும். 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாங்கள் ‘சிக்ரி’ என்போமே, அது இங்கேதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்தது. அந்த ஊரில் இருந்துகொண்டு நான் பல்பொடி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

எடுத்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, பழைய வேட்டித் துணியால் ஒற்றுங்கள். சலங்கை முத்துக்குள் தண்ணீர் நிற்கும், உதறிவிட்டு ஃபேனுக்கு அடியில் அரை நாளாவது போடுங்கள்.

இதில் போடக் கூடாதவை: கல் வைத்தது, அரக்கு அடைத்தது, கவரிங், வேண்டுமென்றே பள்ளத்தில் கறுப்பு ஏற்றிய ஆக்ஸிடைஸ்டு வெள்ளி. கடைசியது அழகே போய் மொட்டையாகிவிடும்.

தங்கம் கறுக்கவில்லை, அழுக்கேறியிருக்கிறது. எண்ணெய், சோப்பு, பவுடர், வியர்வை, அவ்வளவுதான். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரோ, பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரோ போதும். கால் மணி நேரம் ஊறவைத்துக் குழந்தைகள் பல் தேய்க்கிற பிரஷால் மெதுவாகத் தடவுங்கள். 22 காரட் மெத்தென்ற தங்கம், அழுத்தினால் கீறல் விழும். ப்ளீச்சிங் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வைரத் தோட்டுக்குப் பளபளப்பு போய்விட்டது என்பவர்கள் அதைத் திருப்பிப் பாருங்கள். வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் உயிர், பின்பக்கம் முழுக்க அப்பியிருக்கும். ஆனால் கல்லின் பின்னே மூடிக் கட்டியிருந்தால் ஊறப்போடாமல் ஈரத் துணியால் துடைத்தால் போதும். எதைக் கழுவினாலும் கிண்ணத்தில் வைத்தே கழுவுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தோட்டுத் திருகு முற்றத்துச் சலதாரையோடு போனது போனதுதான்.

முத்து மாலைக்கு எலுமிச்சை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முத்தும் பவளமும் சுண்ணாம்பு வகை, புளிப்புப் பட்டால் மேல்தோல் கரைந்து போகும், திரும்ப வராது. பிழிந்த ஈரத் துணியால் ஒவ்வொரு முத்தாகத் துடைத்துப் படுக்கைவாட்டில் காயவையுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். ஜோடி பிரியாமல் இருக்க அந்தக் கொலுசை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தீர்களா? ரப்பரில் கந்தகம் உண்டு, பட்ட இடத்தில் மை தீட்டினாற்போல் கோடு விழும். கல்யாணம் முடிந்து திரும்ப வைக்கும்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, பூக்கட்டுகிற நூலால் கட்டுங்கள்.