ஸ்கேனில் ஒன்றுமில்லை, தலைவலி மட்டும் போகவில்லை

இந்த மாதம் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதி ஒரே ரகம். தலையில் அடி, அவசரப் பிரிவு, சிடி ஸ்கேன், "நார்மல்" என்று ஒரு தாள். அப்புறம் வாரக்கணக்கில் தொல்லை. ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் (42) மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து நான்கு மாதமாகிறது. சிடி ஸ்கேன் நார்மல். இன்றும் தலைவலி, தலைசுற்றல். குக்கர் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறார். சொந்தக்காரர்கள் "எல்லாம் மனசுதான்" என்கிறார்கள். – உட்லண்ட்ஸ் வாசகி

மனசு என்று ஒதுக்கிவிட முடியாதம்மா. ரத்தக்கசிவு உண்டா, மண்டையோடு உடைந்திருக்கிறதா, உடனே அறுவை சிகிச்சை வேண்டுமா என்று பார்க்கத்தான் அன்று சிடி எடுத்தார்கள். அதில் அது கெட்டிக்காரக் கருவி. ஆனால் மூளை குலுங்கும்போது இழுபடுவது நரம்பிழைகள். ஓர் இழையின் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிடி படத்தின் ஒரே புள்ளிக்குள் அப்படி ஆயிரக்கணக்கான இழைகள் அடங்கிவிடும். அங்கே நடந்தது படத்தில் எப்படித் தெரியும்?

தாளில் "லேசான காயம்" என்று எழுதியிருப்பார்கள். அதுவும் முதல் சில மணி நேரக் கணக்குதான். 1974இல் கிளாஸ்கோவில் உருவான, சுயநினைவை அளக்கும் 15 புள்ளி அளவுகோலில் 13க்குக் குறையாமல், நினைவிழந்தது அரை மணி நேரத்துக்கு மேல் போகாமல் இருந்தால் "லேசானது". நான்கு மாதம் கழித்து அவர் எப்படி இருப்பார் என்பதை அது மட்டும் சொல்லிவிடாது.

இன்னொன்று. இத்தனை நாள் நீடித்தால் நான் மூளையை மட்டும் பார்ப்பதில்லை. கழுத்து, தூக்கம், கவலை எல்லாவற்றையும் விசாரிப்பேன். பாரசிட்டமால் மாதத்தில் எத்தனை நாள் என்று கேட்பேன். பாதி நாளுக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். தலைசுற்றல் உள்ளவரைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்ப்பேன். கண்மணி துள்ளினால், காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். தலையை முறையாக நான்கைந்து கோணங்களில் திருப்பினாலே பலருக்கு அந்தச் சுற்றல் நின்றுவிடும். எந்த ஸ்கேனும் இதைக் காட்டாது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொல்லி நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள்.

டிடிஐ என்ற புதுவகை எம்ஆர்ஐயில் எல்லாம் தெரியுமாமே? காசு போட்டு எடுக்கலாமா? – ஜூரோங் வாசகர்

அவசரப்படாதீர்கள். சாதாரண எம்ஆர்ஐயே சிடியைவிட நுட்பமானது. அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சிடி சுத்தமாக இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எம்ஆர்ஐயில் ஏதோ தெரிந்தது. பழைய நுண்கசிவு விட்டுப்போன இரும்புக்கறைகூட அதில் கரும்புள்ளியாக வரும். தொல்லை நீடித்தால், மருத்துவர் சொன்னால், ஒருமுறை எடுப்பதில் நியாயம் உண்டு.

டிடிஐ, நரம்பிழை ஓரமாக நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று அளக்கிறது. அடிபட்ட நூறு பேரையும் அடிபடாத நூறு பேரையும் ஒப்பிட்டால் சராசரியில் வித்தியாசம் தெரியும். உங்கள் ஒருவர் படத்தை வைத்து "இதுதான் காரணம்" என்று சொல்லும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை. வயது, ரத்த அழுத்தம் இவையும் அந்த எண்ணை மாற்றும். படம் எப்படி வந்தாலும் சிகிச்சை பெரும்பாலும் அதேதான். அந்தக் காசை உடற்பயிற்சி சிகிச்சையாளரிடம் கொடுங்கள் என்பேன்.

அம்மாவுக்கு 71. வார்ஃபரின் சாப்பிடுகிறார். மூன்று வாரம் முன்பு அலமாரிக் கதவில் தலை இடித்தது. அன்று ஸ்கேன் நார்மல். இப்போது தூங்கிக்கொண்டே இருக்கிறார், வலது கால் செருப்பு நழுவுகிறது. – பிடோக்

இதற்கு இந்தப் பக்கம் வரும்வரை காத்திருக்கவில்லை; கடிதம் பார்த்த அன்றே பதில் போட்டேன். உடனே அவசரப் பிரிவு, தேவைப்பட்டால் ஆம்புலன்ஸுக்கு 995. வயதானவர்களுக்கு, அதுவும் ரத்தம் உறையாத மருந்து எடுப்பவர்களுக்கு, மூளையின் மேலுறைக்கடியில் ரத்தம் மெதுவாகக் கசிந்து வாரங்கள் கழித்து அழுத்தும். மூன்று வாரத்துக்கு முந்தைய நார்மல் இன்றைக்குச் செல்லாது.

சாரத்திலிருந்து விழுந்தேன், டாக்டர் ஐயா. ஸ்கேன் கிளியர் என்பதால் சூப்பர்வைசர் மறுபடியும் உயரத்தில் ஏறச் சொல்கிறார். குனிந்து நிமிர்ந்தால் சுற்றுகிறது. – கட்டுமானத் தொழிலாளி

ஏறாதீர்கள் தம்பி. அந்தத் தாள் படத்தைப் பற்றியது, உங்கள் கால் தரிப்பதைப் பற்றியதல்ல. மருத்துவரிடம் "தலைசுற்றுகிறது" என்பதோடு நிறுத்தாமல், "நான் சாரத்தில் ஏறுகிறவன்" என்றும் சொல்லுங்கள். இலகுப் பணி என்று எழுதித் தருவார். வேலையிடத்துக் காயத்துக்கு எம்சியோ (மருத்துவ விடுப்பு) இலகுப் பணியோ மருத்துவர் கொடுத்தால், 2020 செப்டம்பர் முதல் முதலாளி அதை மனிதவள அமைச்சிடம் தெரிவித்தாக வேண்டும். தாள்களை எல்லாம் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு (14) காற்பந்தில் தலை மோதியது. இருட்டறையில் எத்தனை நாள் படுக்கவைக்க வேண்டும்? – ஈசூன் தாய்

ஒரு நாளும் வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நாள் வீட்டுக்குள் ஓய்வு, கைபேசி குறைவு. அப்புறம் புளோக்கைச் சுற்றி நடக்கட்டும். வலி கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, நிறையக் கூடினால் நிறுத்துங்கள். பள்ளிக்கு அரை நாளில் தொடங்கலாம். காற்பந்து மட்டும், தொல்லை முழுக்க நின்று மருத்துவர் சரி என்ற பிறகுதான். பயிற்றுநர் எவ்வளவு கெஞ்சினாலும்.