போதகர் விடைபெறும்போது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரங்கூனில் ஒரு தமிழ்ச் சபையில் பல வருடங்களாகப் போதகராக ஊழியம் செய்துவருகிறேன். மோல்மீன் பக்கத்தில் நெல் பயிரிடும் தமிழ்க் குடும்பங்கள் வீடுகளில் கூடி ஆராதிக்கும் சில கிராமங்களுக்கு நிலையான போதகர் இல்லை. அங்கே போகவேண்டும் என்ற ஏவுதல் நீண்ட நாளாக மனதில் இருந்தது. ஜெபித்து, மனைவியோடும் கலந்து பேசி, இப்போது சம்மதம் கொடுத்துவிட்டேன். "முன்கூட்டியே சொன்னால் காணிக்கை குறையும், வேலைகள் நின்றுபோகும், கடைசி ஞாயிறன்று சொன்னால் போதும்" என்று சபையை நிர்வகிக்கும் மூப்பர்கள் சிலர் சொல்கிறார்கள். முதியவர்களின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை. எப்படி விடைபெறுவது?
– பெயர் வெளியிட விரும்பாத போதகர், ரங்கூன்

பதில்: ஐயா, மூப்பர்கள் சபையின் நன்மையை நினைத்தே அப்படிச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அந்த யோசனையை நீங்கள் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கடைசி ஞாயிறன்று செய்தியைக் கேட்கும் சபைக்கு அழுவதற்கு மட்டுமே நேரம் கிடைக்கும். கோபப்படவும், கேள்வி கேட்கவும், உங்கள்மேல் உள்ள பழைய மனத்தாங்கல் ஒன்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளவும், பிறகு மெல்லச் சமாதானமாகவும் அவர்களுக்கு நாள் வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன்பாவது சொல்லிவிடுங்கள். சபைக் குழுவில் சொன்ன அதே வாரத்தில் ஆராதனையிலும் சொல்லுங்கள். இடையில் நாள் விட்டால் செய்தி வேறு வடிவம் எடுத்துவிடும், சம்பளத்துக்காகப் போகிறார், வெளிநாடு போகிறார் என்று வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். எந்த ஊருக்கு, யாரிடம், எதற்காகப் போகிறீர்கள் என்பதை அவர்கள் உங்கள் வாயாலேயே கேட்கட்டும்.

முதியவர்களைப் பற்றிய உங்கள் கலக்கம் நியாயமானது. அதன் ஆழத்தை நீங்கள் இன்னும் முழுமையாக உணரவேண்டும் என்றும் நினைக்கிறேன். பர்மாத் தமிழர் குடும்பங்களில் பிரிவு என்றால் பெரும்பாலும் திரும்பி வராத பிரிவாகவே இருந்திருக்கிறது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது மலைவழியாக நடந்தே மணிப்பூருக்கும் அசாமுக்கும் போனவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே மடிந்தார்கள். 1960களில் கடைகளும் வியாபாரமும் அரசுடைமையானபின் இலட்சக்கணக்கான இந்தியர் இந்த நாட்டை விட்டுப் போனார்கள். கப்பலேறிச் சென்னைக்குப் போன அண்ணனையும் அத்தையையும் மறுபடி காணாதவர்கள் இன்று உங்கள் சபையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கலாம். நீங்கள் போவதோ இதே நாட்டில் உள்ள மோல்மீனுக்குத்தான். ஆனால் அவர்கள் நெஞ்சில் எழுவது அந்தத் துறைமுகத்தின் நினைவு. ஆகையால் மேடையில் சொல்வதற்கு முன்பே அப்படிப்பட்ட முதியவர்களை ஒவ்வொருவராக வீட்டில் போய்ப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அவசரப்பட்டு ஆறுதல் சொல்ல வேண்டாம். அவர்கள் பேசுவதைக் கேட்டிருங்கள்.

நம் ஊரிலேயே நடந்த ஒன்றை உங்களுக்கு நினைவுபடுத்த விரும்புகிறேன். 1813இல் ரங்கூனுக்கு வந்த அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன், 1820இன் தொடக்கத்தில் அப்போதைய பர்மியத் தலைநகரான அமரபுராவின் அரண்மனைக்குப் போய் மத சுதந்திரம் கேட்டு, மறுக்கப்பட்டுத் திரும்பினார். அப்போது ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள் மூன்று பேர்தான். இனி இங்கே இருப்பதில் பயனில்லை, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த சிட்டகாங் பக்கம் போய்விடலாம் என்று அவர் அவர்களிடம் சொன்னார். அரசனுக்கு அஞ்சிப் பின்வாங்குவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க, அவர்களோ சீஷர்கள் எட்டுப் பத்துப் பேராகும்வரை இருங்கள், பிறகு எங்களில் ஒருவரைப் போதகராக ஏற்படுத்திவிட்டுப் போங்கள், அதன்பின் நீங்கள் இல்லாவிட்டாலும் இந்த மார்க்கம் பரவும் என்று மன்றாடினார்கள். ஜட்சன் தங்கினார். அதே வருடம் ஜூலையில், மனைவியின் உடல்நலத்துக்காக அவர் கல்கத்தாவுக்குக் கப்பலேறியபோது சபையில் பத்துப் பேர் இருந்தார்கள்.

அந்த மூன்று பேர் கேட்டதைக் கவனியுங்கள். என்றென்றும் எங்களோடு இருங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. தங்களுக்குள்ளிருந்து ஒருவரை எழுப்பிவிட்டுப் போகும்படிதான் கேட்டார்கள். உங்கள் மூன்று மாதமும் இதற்கே செலவாக வேண்டும் என்பதே நான் சொல்லவரும் முக்கியமான விஷயம். பிரசங்கம் செய்யக்கூடிய மூப்பரை இப்போதே மேடையில் ஏற்றி, நீங்கள் கீழே அமர்ந்து கேளுங்கள். வேதபாட வகுப்பை ஒரு வாலிபனிடம் கொடுங்கள். அவன் தடுமாறினால் அந்த வாரமே கூட இருந்து திருத்திவிடலாம், நீங்கள் போனபின் திருத்த ஆளிருக்காது. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, வங்கிப் புத்தகம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள்.

எந்தப் பதிவேட்டிலும் இல்லாத சிலவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். திருவிருந்து அப்பத்தைப் பல்லில்லாத எந்தப் பாட்டிக்குத் திராட்சரசத்தில் நனைத்துக் கொடுக்கவேண்டும், எந்தத் தாத்தாவுக்கு வலது காது கேட்காததால் இடப்பக்கம் அமர்ந்து ஜெபிக்கவேண்டும், எந்த வீட்டுக்கு மகன் வேலைக்குப் போனபின் போனால்தான் தாய் மனம்விட்டுப் பேசுவாள் என்பவை அடுத்து வரும் போதகருக்குத் தெரிய வேறு வழியே இல்லை. ஆனால் நம்பிக்கையோடு உங்களிடம் சொல்லப்பட்ட இரகசியங்களை எழுதாதீர்கள். புதியவரிடம் சொல்லலாமா என்று உரியவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் அது உங்களோடு போகட்டும்.

கடைசி ஞாயிறு பிரசங்கத்துக்கு இரண்டு வேதபகுதிகளைப் படித்துத் தியானியுங்கள். அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசுவின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து, மந்தையைப் பார்த்துக்கொள்ளும்படி ஒப்படைத்து, முழங்காற்படியிட்டு அவர்களோடு ஜெபிக்கிறார். எல்லாரும் அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், அவர் தடுக்கவில்லை. 1 சாமுவேல் 12ஆம் அதிகாரம் இதைவிட அரிதாகவே பிரியாவிடையில் எடுக்கப்படுகிறது, ஆனால் எனக்கு அதுவே நெருக்கமானது: முதிர்ந்த சாமுவேல் முழு இஸ்ரவேலின் முன் நின்று, யாருடைய எருதையாவது எடுத்தேனா, யாருக்காவது இடுக்கண் செய்தேனா என்று கேட்டு, அவர்கள் பதிலைப் பெற்றுக்கொள்கிறார். நீங்களும் சபைக் கணக்கை வாசித்து, யாரையாவது புண்படுத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி வெளிப்படையாகக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "அடிக்கடி வருவேன்" என்று அழுகையைத் தணிக்க வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு வருடமாவது இந்தச் சபையின் திருமணத்துக்கோ அடக்கத்துக்கோ புதிய போதகர் அழைக்காமல் போகாதீர்கள். அவரைப் பற்றிய குறைகளை யாராவது தொலைபேசியில் சொல்ல வந்தால் அன்போடு பேச்சை மாற்றுங்கள். இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அறிவேன்.

கேள்வி: எங்கள் போதகர் மாற்றலாகிப் போனதிலிருந்து என் கணவர் ஆலயத்துக்கு வரமாட்டேன் என்கிறார். அந்தப் போதகரைத் திரும்ப அனுப்பும்படி கையெழுத்து வாங்கி மேலிடத்துக்கு மனுப்போடலாமா?
– ஒரு சகோதரி, தட்டோன்

பதில்: மனு வேண்டாம் அம்மா. அது புதிதாக வந்தவரைக் குடியேறும் முன்பே துரத்துவதாகும். போனவரையும் தர்மசங்கடத்தில் ஆழ்த்தும். 1966இல் வெளிநாட்டு மிஷனெரிகளில் பெரும்பாலோர் பர்மாவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மனுப்போட்டு நிறுத்த யாராலும் முடியவில்லை, இருந்தும் இந்நாட்டுச் சபைகள் தங்கள் ஊழியரைக்கொண்டே நிலைத்து நின்றன. உங்கள் கணவருக்கு அந்தப் போதகர் ஏதோ ஓர் இக்கட்டில் கைகொடுத்திருப்பார் என்று தோன்றுகிறது. அதைப் பற்றி அவரைப் பேசவிடுங்கள். சில வாரம் வராமல் இருந்தாலும் பழித்துப் பேசாதீர்கள். புதிய போதகரிடம், வீட்டுக்கு ஒரு மாலை வந்து தேநீர் அருந்திவிட்டுப் போகும்படி மட்டும் சொல்லுங்கள். ஆராதனைக்கு ஏன் வரவில்லை என்ற பேச்சை அவர் எடுக்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: போதகரின் மனைவியாகிய நான் கேட்கிறேன். பிரியாவிடைக் கூட்டத்தில் அவருக்குச் சால்வை, பாராட்டுரை எல்லாம் உண்டு. எனக்கும் பிள்ளைகளுக்கும் இந்த ஊரோடு உள்ள பந்தத்தை யாரும் கேட்பதில்லை. இப்படி நினைப்பது தவறா?
– பாகோவிலிருந்து ஒரு வாசகி

பதில்: தவறே இல்லை, அம்மா. ஞாயிறு பள்ளியும் பெண்கள் சங்கமும் உங்கள் கையில் வளர்ந்திருக்கும். அதற்குத் தனியாக விடைபெறும் உரிமை உங்களுக்கு உண்டு. பெண்கள் சங்கத்தாரோடு ஒரு நாள் ஒதுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள், யாராவது ஏற்பாடு செய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பள்ளி ஜூனில் தொடங்குவதால், புறப்படும் தேதியைக் கல்வியாண்டு முடிந்தபின் வைக்கும்படி உங்கள் கணவர் இரு சபைகளிடமும் இப்போதே பேசட்டும். சபை அன்பளிப்பாக என்ன வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் லாரி வாடகையையும் புதிய ஊரில் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் சொல்லுங்கள்.