ஈ.சி.ஜி. சரி, படபடப்பு ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 66. ரத்த அழுத்தத்துக்கும் தைராய்டு சுரப்புக் குறைவுக்கும் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது என்கிறார். சிறிது நேரத்தில் தானாக அடங்கிவிடுகிறது. ஈ.சி.ஜி.யில் கோளாறு எதுவும் இல்லை. இருந்தும் ஹோல்டர் பரிசோதனைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது தேவைதானா? துடிப்புச் சீர்கேட்டில் என்னென்ன வகைகள் உள்ளன, எதனால் வருகின்றன?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தேவைதான். வழக்கமான ஈ.சி.ஜி. சுமார் 10 விநாடித் துடிப்பைத்தான் பதிவு செய்கிறது என்பதால், படபடப்பு இல்லாத வேளையில் எடுத்த படம் சரியாக இருப்பதில் வியப்பில்லை. ஹோல்டர் கருவியோ 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பிலேயே இருந்து ஒவ்வொரு துடிப்பையும் பதிவு செய்யும். அம்மா அன்று வழக்கமான வேலைகளைச் செய்யட்டும். படபடப்பு வந்தால் மணியைப் பார்த்துக் குறித்துவைக்கட்டும். பதிவையும் அந்தக் குறிப்பையும் ஒப்பிட்டால்தான் நோய் பிடிபடும்.

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு எழுப்பும் மின்தூண்டல், ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை இதயத்தைத் துடிக்க வைக்கிறது. தூண்டல் வேறு இடத்தில் பிறந்தாலோ, வழியில் தடைபட்டாலோ, ஒரே வட்டத்தில் சுற்றத் தொடங்கினாலோ தாளம் மாறும். இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொள்வது ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு. பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. மின்பாதை தடைபட்டுத் துடிப்பு மிகவும் குறைந்து மயக்கம் வந்தால், பேஸ்மேக்கர் என்ற, துடிப்பைத் தூண்டும் சிறு மின்கருவி தேவைப்படலாம். கீழறைகள் தாறுமாறாகத் துடிப்பதுதான் நிமிடங்களில் உயிரைப் பறிப்பது. மாரடைப்பின்போது நேரும் திடீர் மரணங்களுக்கு இதுவே முக்கியக் காரணம்.

உங்கள் அம்மாவின் வயதையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கும்போது, நான் முதலில் தேடுவது மேலறை நடுக்கத்தை, அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை. இதில் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே துடிதுடிப்பதால் ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது; அந்தக் கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம் வரும். படபடப்பு அடங்கிவிடுகிறது என்பதால் இந்த ஆபத்து அடங்கிவிடுவதில்லை. ஆகவே இந்நோய் உறுதியானால், பக்கவாத அபாயத்தைக் கணித்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். படபடப்பின்போது மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். நாடி வேகமாக இருந்தும் சீராக ஓடுகிறதா, எந்த ஒழுங்கும் இல்லாமல் விட்டுவிட்டு வருகிறதா என்பதை மருத்துவரிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

நீடித்த ரத்த அழுத்தம், மாரடைப்புத் தழும்பு, நம் நாட்டில் இன்னும் மறையாத வாதக் காய்ச்சலால் பழுதான இதய வால்வு, குறட்டையோடு வரும் மூச்சுத் தடை, மது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது அல்லது இறங்குவது ஆகியவை துடிப்புச் சீர்கேட்டுக்கு முக்கியக் காரணங்கள். தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் மேலறை நடுக்கம் வரும். சுரப்புக் குறைவுக்கு எடுக்கும் தைராக்சின் மாத்திரையின் அளவு கூடிவிட்டாலும் அதே விளைவுதான். எனவே ஹோல்டர் அறிக்கையோடு, தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை முடிவையும் எடுத்துச் செல்லுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும், அறிக்கைக்குக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.