சாயக்கட்டணம் குறைவான ஊருக்குத் துணியை அனுப்பலாமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் ஒரே தொழில் வட்டாரமாகிவிட்டன. பக்கத்து மாவட்டத்தில் ஒரு சாய ஆலை குறைந்த கட்டணம் சொல்கிறது. அங்கே அனுப்பலாமா? ஐரோப்பிய ஏற்றுமதிக்கு இடைஞ்சல் வருமா?

பதில்: கட்டணம் ஏன் குறைகிறது என்று முதலில் கேளுங்கள். ஆட்கூலியோ வாடகையோ குறைவு என்றால் தாராளமாக அனுப்பலாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவு அதில் சேரவில்லை என்றால் ஒரு கிலோ துணிகூட அனுப்பாதீர்கள்.

திருப்பூர் ஆலைகள் நொய்யல் ஆற்றில் விட்ட சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுவட்டார விவசாயிகளின் கிணறுகளைக் கெடுத்தது. விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, பிளீச்சிங் ஆலைகளை மூடச் சொன்னது. ஆலைகள் நின்றன, ஆர்டர்கள் நிற்கவில்லை. துணி லாரி ஏறி வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போனது. ஊர்களைச் சாலையும் சந்தையும் இணைத்திருந்தன, கண்காணிப்பு இணைக்கவில்லை. அத்தகைய இணைப்பில் மாசு குறைவதில்லை, இடம் மாறுகிறது.

இணைப்பின் நல்ல பக்கமும் திருப்பூரிலேயே இருக்கிறது. பருத்திக்குச் சாயம் ஏற நிறைய உப்பு வேண்டும். அந்த உப்பை உயிரியல் சுத்திகரிப்பால் நீக்க முடியாது, சவ்வில் வடிகட்டும் ஆர்.ஓ.வும், மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கியும் தேவை. சிறு ஆலைகளுக்குத் தனியாக இது கட்டுப்படியாகாது. அருகருகே இருந்ததால் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தார்கள். கழிவுநீரின் பெரும்பகுதி மீண்டும் சாயமிடவே திரும்புகிறது. இதை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன். ஆனால் ஆவியாக்கிக்கு நீராவி வேண்டும், அதற்குக் கொதிகலனில் விறகோ நிலக்கரியோ எரிகிறது. தொழில்முனைவோர் நிறுவிய காற்றாலைகள் மின்சாரத்தை ஈடுகட்டும், நீராவியை ஈடுகட்டாது. அதனால் உப்புக்கரைசலை ஆவியாக்காமல் அடுத்த சாயத்துக்கே பயன்படுத்தும் ஆலைக்கு நான் முதலிடம் தருவேன்.

ஏற்றுமதியைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்றவற்றுக்குத்தான். ஆடைக்கு இப்போது இல்லை. ஆனால் சாயமிட்ட ஆலையின் பெயரையும் கழிவுநீர்ப் பரிசோதனை அறிக்கையையும் கேட்கும் வாங்குவோர் பலர். விலை மலிவு என்பது அங்கே பதிலாகாது.

சங்கக் கூட்டத்தில் இதையும் எழுப்புங்கள். சீனாவில் சின்ஆன் ஆற்றுக்காக 2012-இல் இரண்டு மாகாணங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. தண்ணீர் குறித்த தரத்தில் வந்தால் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள செச்சியாங், மேல்பகுதியிலுள்ள அன்ஹுயிக்கு 10 கோடி யுவான் தர வேண்டும். தரம் தவறினால் அன்ஹுயி தர வேண்டும். கோவை முதல் கரூர் வரை நொய்யலுக்கும் இப்படியொரு கணக்கு வேண்டும்.

இப்போதைக்கு அந்த ஆலைக்கு நேரில் போங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை எந்தத் தேதிவரை செல்லும், எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர், ஆவியாக்கிய பின் மிஞ்சும் கலப்பு உப்பும் கசடும் எங்கே போகின்றன என்று கேளுங்கள். பிறகு ஒரு மாதம் சாயமிட்ட துணியின் எடையையும், சுத்திகரிப்புக்குப் போன நீரின் மீட்டர் அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துணி அதிகமாகவும் மீட்டர் குறைவாகவும் இருந்தால், மீதித் தண்ணீர் எங்கே போனது என்பதற்குத் திருப்தியான விளக்கம் கிடைக்கும்வரை ஆர்டர் கொடுக்க வேண்டாம்.