எட்டு வயது குறைந்ததா, ரத்தசோகை குறைந்ததா?

கேள்வி: இணையத்தில் உள்ள கணிப்பானில் என் ரத்தப் பரிசோதனை எண்களைப் போட்டேன், உயிரியல் வயது 58 என்று வந்தது. "இளமை" மாத்திரை ஒன்றை மூன்று மாதம் சாப்பிட்டபின் மறுபடி போட்டால் 50 காட்டுகிறது. நிஜமாகவே வயது குறைந்துவிட்டதா? இரண்டு ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டையின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, நாமக்கல்

பதில்: குறைந்தது ரத்தசோகை. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இரும்புச்சத்து இருக்கிறது, பாருங்கள். உங்கள் ஹீமோகுளோபின் 9.8இலிருந்து 11.9க்கு வந்திருக்கிறது.

நீங்கள் பயன்படுத்தியது ஃபீனோஏஜ் சூத்திரம். அமெரிக்க மக்கள்தொகை ஆய்வின் தரவை வைத்து மார்கன் லெவின் குழுவினர் 2018இல் வெளியிட்டது. நிஜ வயதோடு ஒன்பது எண்களைக் கேட்கும்: ஆல்புமின், கிரியாட்டினின், வெறும் வயிற்றுச் சர்க்கரை, சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் புரதம்), லிம்ஃபோசைட் சதவீதம், எம்.சி.வி., ஆர்.டி.டபிள்யூ., ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ், வெள்ளையணு எண்ணிக்கை. இதில் ஆர்.டி.டபிள்யூ. என்பது சிவப்பணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்ற கணக்கு. இது 1 சதவீதம் கூடினால் சூத்திரம் மூன்றரை வயதுக்குச் சற்று மேலே ஏற்றிவிடும். உங்களுக்கு 16.8இலிருந்து 14.0க்கு இறங்கியிருக்கிறது, அதிலேயே பத்து வயது போயிற்று. சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 76இலிருந்து 83க்கு ஏறியதால் இரண்டு வயது கூடியது. மிச்சம் எட்டு. மற்ற ஏழு எண்களும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கின்றன.

ரத்தசோகை குறைந்தது நல்ல விஷயம். அது ஏன் வந்தது என்று மருத்துவரிடம் கேளுங்கள், அதுதான் முக்கியம். ஆனால் அதற்கு முதுமை பின்வாங்கியது என்று பெயர் வைக்க முடியாது. இன்னொன்று: இரும்பு மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் புது அணுக்களும் பழைய அணுக்களும் கலந்திருப்பதால் ஆர்.டி.டபிள்யூ. முதலில் ஏறும். அப்போது சோதித்திருந்தால் "வயது கூடிவிட்டது" என்று பயந்திருப்பீர்கள்.

கணிப்பானில் எண்ணைப் போடும்போது அலகைப் பாருங்கள். மூலச் சூத்திரம் கேட்கும் அலகு வேறு, நம் லேப் தரும் அலகு வேறு. ஆல்புமினை 10ஆல் பெருக்க வேண்டும், கிரியாட்டினினை 88.4ஆல் பெருக்க வேண்டும், சர்க்கரையை 18ஆல் வகுக்க வேண்டும், லிட்டருக்கு மில்லிகிராமில் வரும் சி.ஆர்.பி.யை 10ஆல் வகுக்க வேண்டும். சர்க்கரையில் தவறினால் அபத்தமான விடை வந்து நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். சி.ஆர்.பி.யில் தவறினால் ஏறத்தாழ இரண்டரை வயதுதான் கூடும், கண்ணில் படாது. சி.ஆர்.பி.யில் நுண்ணளவுச் சோதனையை (எச்.எஸ்.-சி.ஆர்.பி.) கேட்டு எடுங்கள்; சாதாரணச் சோதனை "5க்குக் கீழ்" என்று மட்டும் சொல்லும், அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. சளி, காய்ச்சல், பல் வீக்கம் இருக்கும் வாரத்தில் ரத்தம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டி.என்.ஏ. சோதனையில் வயதைத் துல்லியமாகச் சொல்வார்களாமே? செலவு செய்யலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: டி.என்.ஏ.மீது ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளை எண்ணும் சோதனை அது. ஸ்டீவ் ஹார்வத் 2013இல் 353 இடங்களை வைத்துக் கட்டிய "கடிகாரம்", அதாவது அந்தக் குறிகளிலிருந்து வயதைக் கணிக்கும் சூத்திரம், பிரபலம். அதன் இடைநிலைப் பிழை 3.6 ஆண்டு. பழைய கடிகாரங்களில் ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை ஓட்டினால் சில சமயம் 9 ஆண்டுவரை வித்தியாசம் வந்திருக்கிறது. ஆகவே "மூன்று வயது குறைந்தது" என்ற ஒற்றை ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை.

எடுத்தே தீருவேன் என்றால் லேபிடம் இரண்டு கேளுங்கள். எந்தக் கடிகாரம், ஒரே மாதிரியைத் திரும்ப ஓட்டினால் எவ்வளவு மாறும்? முதல் மாதிரியை உறைநிலையில் வைத்திருந்து இரண்டாவதோடு சேர்த்து ஒரே தடவையில் ஓட்டுவார்களா? இரண்டு முறையும் ஒரே நேரத்தில், காலையென்றால் காலையிலேயே, கொடுங்கள். அறுவை சிகிச்சை, கர்ப்பம், கடுமையான கோவிட் இவற்றின்போது இந்த வயது ஏறி, தேறியபின் இறங்கியதை 2023இல் பதிவு செய்திருக்கிறார்கள். நோய் முடிந்த கையோடு முதல் சோதனையை எடுத்தவருக்கு எந்த மாத்திரையும் வேலை செய்ததுபோலத் தெரியும்!

கேள்வி: சர்க்கரை நோய் இல்லாதவர்கள் மெட்ஃபார்மின் எடுத்தால் ஆயுள் கூடுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதைக் கண்டறிய அமெரிக்காவில் 65 முதல் 79 வயதுள்ள 3000 பேரை ஆறு ஆண்டு கவனிக்கும் டேம் என்ற ஆய்வைத் திட்டமிட்டார்கள். காப்புரிமை முடிந்த மலிவு மருந்து, பணம் போடக் கம்பெனிகளுக்கு ஆர்வம் இல்லை; ஆண்டுக்கணக்கில் நிதிக்கே அலைச்சல். இதற்கிடையில் 2019இல் வந்த ஆய்வு ஒன்றைக் கவனியுங்கள். 65 தாண்டியவர்கள் 14 வாரம் எடை தூக்கிப் பயிற்சி செய்தார்கள். தினம் 1700 மி.கி. மெட்ஃபார்மின் எடுத்தவர்களைவிட வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கே தசை அதிகம் கூடியது. நீண்டகாலம் எடுத்தால் பி12 குறையும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு ஆபத்து. நோயில்லாமல் எடுக்க வேண்டாம்.

கேள்வி: யமனாகா காரணிகளால் செல்லை இளமையாக்க முடியும் என்கிறார்களே, மனிதருக்கு ஏன் இன்னும் வரவில்லை?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஷின்யா யமனாகா 2006இல் எலியின் செல்லுக்குள் நான்கு மரபணுக்களை (இவைதான் யமனாகா காரணிகள்) செலுத்தி அதைக் கரு நிலைக்குத் திருப்பினார். சிக்கல் அங்கேயே இருக்கிறது. முழுவதும் திரும்பிய செல் தான் தோலா, ஈரலா என்பதையே மறந்துவிடும். உயிருள்ள எலியில் விடாமல் இயக்கியபோது டெரட்டோமா என்ற கட்டிகள் வந்தன. அதனால் பாதி வழியில் நிறுத்தப் பார்த்தார்கள். 2016இல் சால்க் ஆய்வகத்தில், டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்தால் மட்டும் அந்த மரபணுக்கள் இயங்கும்படி எலிகளை அமைத்து, இரண்டு நாள் மருந்து, ஐந்து நாள் ஓய்வு என்று ஓட்டினார்கள். வேகமாக முதுமை வரும் நோயுள்ள அந்த எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. 2020இல் ஹார்வர்டில் நான்கில் புற்றுநோயோடு தொடர்புள்ள சி-மிக் என்ற மரபணுவை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் எலியின் கண்ணுக்குள் செலுத்தி, நசுங்கிய பார்வை நரம்பை மீண்டும் வளரவைத்தார்கள்.

கண்ணில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு: சிறிய, மூடிய இடம், மருந்து வெளியே அதிகம் கசியாது, பலனைப் பார்வைச் சோதனையிலேயே அளந்துவிடலாம். முழு உடம்பில் ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு வேகத்தில் திரும்பும், எங்கே நிறுத்துவது என்பதற்கு இன்னும் நம்பகமான அளவுகோல் இல்லை.

கேள்வி: இளைஞர்களின் பிளாஸ்மாவை ஏற்றிக்கொண்டால்?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். பலனுக்கு நிரூபணம் இல்லை, ஒவ்வாமையும் நுரையீரல் பாதிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது.