"எங்க ஊரில் யாரும் ஹோபாக் ஆடியதில்லை"

அன்புள்ள ஐயா,

என் கணவர் வீட்டார் உக்ரைனிய வம்சாவளியினர். மாமியாரின் தாத்தா 1900 வாக்கில் இன்றைய மேற்கு உக்ரைனிலுள்ள ஹலிச்சினாவிலிருந்து கனடாவின் ஆல்பெர்ட்டாவுக்கு வந்தவர். என் மகள் இங்கே உக்ரைனிய நடனம் கற்கிறாள். அவள் ஹோபாக் ஆடியதைப் பார்த்த மாமியார், "எங்க ஊரில் யாரும் இதை ஆடியதில்லை" என்கிறார். அவருக்கு வயது 82. மகள் கற்பது பொய்யா? மாமியாரின் நினைவுகளை எப்படிப் பதிவுசெய்வது?

க., எட்மன்டன்

அன்புள்ள க.,

மாமியார் சொல்வது சரி. மகள் கற்பதும் பொய்யல்ல.

1891-இல் தொடங்கி முதல் உலகப்போர்வரை கனடாவுக்கு வந்த உக்ரைனியர் பெரும்பாலும் ஆஸ்திரியப் பேரரசின் ஹலிச்சினா, புக்கொவினா பகுதிக் குடியானவர்கள். ஹோபாக்கோ கிழக்கே, நீப்பர் ஆற்றுக் கோசாக் போர்வீரர்களின் ஆட்டம். அதை மேடைப் பாடமாக்கி இங்கே பரப்பியவர் வசில் அவ்ரமென்கோ. கீவுக்குத் தெற்கே ஸ்தெப்லிவில் பிறந்தவர். 1925-இல் கனடா வந்து ஊர் ஊராக வகுப்பு நடத்தினார். சிவப்பு பூட்ஸும் ரிப்பன் தொங்கும் மலர்க் கிரீடமும் பொது அடையாளமானது இந்த மேடை வழியாகத்தான். நூறாண்டாக ஆடப்படுவதால் அதுவும் உங்கள் மகளின் சொத்தே. மாமியாருடைய தாத்தாவின் ஊர் ஆட்டம் என்று மட்டும் அதைக் குறித்துவைக்காதீர்கள்.

மாமியாரிடம் முதலில் கேட்க வேண்டியது தாத்தா புறப்பட்டு வந்த ஊரின் பெயர், கூடவே வட்டத்தின் பெயர். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. கப்பல் பட்டியலில் "ஆஸ்திரியர்", "கலீசியர்" (ஹலிச்சினாக்காரர்), "ருத்தேனியர்" (உக்ரைனியருக்குப் பழைய பெயர்) என்றெல்லாம் இருக்கும்; "உக்ரைனியர்" என்று தேடினால் கிடைக்காது. அரசிடம் 10 டாலர் கட்டி 160 ஏக்கர் பெற்றவர்களின் நிலக் கோப்பு மாகாண ஆவணக் காப்பகத்தில் இருக்கும். எந்த ஆண்டு எத்தனை ஏக்கர் உழுதார், எத்தனை மாடு, வீட்டின் மதிப்பு என்ன என்று நிலம் பெற்றவரே சத்தியம் செய்து கொடுத்த விவரம் அதில் உண்டு. அதை மாமியாருக்குப் படித்துக்காட்டுங்கள். "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்றால் நாலு வரியில் முடித்துவிடுவார், "இந்த 2 மாடு எங்கே வாங்கியது?" என்றால் பேச்சு வளரும்.

1914 முதல் 1920 வரை எதிரி நாட்டுக் குடிகள் என்று சொல்லி 8,579 பேரைக் கனடா அரசு முகாம்களில் அடைத்தது. அதில் பெரும்பாலோர் ஆஸ்திரியக் குடிகளாக வந்த உக்ரைனியர். பல வீடுகளில் இது பேசப்படவே இல்லை. அவராக எடுத்தால் கேளுங்கள், துருவ வேண்டாம்.

ஒரு அமர்வு 40 நிமிடம் போதும். ஃபிரிட்ஜ் சத்தம் வராத அறையில், போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள். அவருடைய பழைய வட்டாரச் சொற்களை இன்றைய உக்ரைனியத்துக்குத் திருத்தி எழுதாதீர்கள். ஊரைக் காட்டுவதே அந்தச் சொற்கள்தான்.

கல்யாணத்தில் என்ன ஆடினார்கள் என்று கேட்டால் அநேகமாகக் கொலொமிய்கா என்ற ஆட்டம் வரும். அதன் பாட்டில் ஒரு வரிக்கு 14 உயிரொலி. 8-க்குப் பின் சிறு நிறுத்தம், பிறகு 6. எழுதியதும் எண்ணிப் பாருங்கள். 13 வந்தால் ஒரு சொல் நழுவியிருக்கலாம். மறுநாள் அந்த வரியை மட்டும் பாடச் சொல்லுங்கள்.

ஆட்டத்துக்கு அவரை எழுப்ப வேண்டாம். அவர் நாற்காலியில் இருக்கட்டும், மகள் ஆடட்டும். போனைக் கிடைமட்டமாக, இடுப்பு உயரத்தில், இருவரின் பாதமும் தலையும் தெரியும்படி நிறுத்துங்கள், ஜூம் வேண்டாம். அடுத்த முறை மகளின் முதுகுப் பக்கமிருந்து எடுங்கள், பிற்காலத்தில் அதைப் பார்த்துக் கற்பவருக்கு இடம் வலம் மாறாது. மகள் தப்பாக அடி வைத்ததும் பாட்டி "அப்படியில்லை" என்று உட்கார்ந்தபடியே காலைத் தட்டிக் காட்டுவார். அந்த இடத்தை வெட்டிவிடாதீர்கள்.