ஃபிளாட் பைனரி: உதவி ஃபங்ஷன் சேர்த்ததும் ரீபூட் ஆவது ஏன்?

மெயின் ஃபங்ஷனுக்கு மேலே ஒரு உதவி ஃபங்ஷன் எழுதியதும் உங்கள் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கிறது என்கிறீர்கள், கம்பைலர் மேல் தப்பில்லை. லிங்கர் தரும் ஈஎல்எஃப் (ELF) வகை நிரல் கோப்பில், ஓட்டம் தொடங்க வேண்டிய நுழைவு முகவரி கோப்பின் தலைப்பகுதியான ஹெடரிலேயே இருக்கும். நிரலின் பைட்டுகள் மட்டுமே உள்ள ஃபிளாட் பைனரியில் ஹெடரே கிடையாது, லிங்கர் ஸ்கிரிப்டில் (எந்தப் பகுதி எங்கே வர வேண்டும் என்று லிங்கருக்குச் சொல்லும் கோப்பு) என்ட்ரி என்று எழுதியிருந்தாலும் அந்தத் தகவல் போய்விடும், கெர்னலை நினைவகத்தில் ஏற்றும் உங்கள் பூட்லோடர் நேராக முதல் பைட்டுக்குத் தாவுகிறது, இப்போது அங்கே இருப்பது அந்த உதவி ஃபங்ஷன்.

மெயினை அழைக்கும் சின்ன அசெம்பிளி கோப்பு ஒன்று எழுதி, தனி செக்‌ஷனில் போட்டு, லிங்கர் ஸ்கிரிப்டில் அதையே முதலில் வையுங்கள். ஸ்கிரிப்டின் தொடக்க முகவரியும் பூட்லோடர் ஏற்றும் முகவரியும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். அப்புறம், கடைசியில் வரும் பிஎஸ்எஸ் பகுதியை (தொடக்க மதிப்பு தராத குளோபல் மாறிகளின் இடம்), ஈஎல்எஃபை ஃபிளாட் பைனரியாக மாற்றும் ஆப்ஜ்காபி கருவி கோப்பில் எழுதாது, மெயினுக்கு முன்பே நீங்கள்தான் அங்கே பூஜ்ஜியம் நிரப்ப வேண்டும். ஈஎல்எஃப் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள், பிழை தேட உதவும் ஜிடிபி கருவிக்கு அது வேண்டும்.